நானே எழுதி மூடிய கதவு

என் கடைக்குள் எட்டிப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சார், டாய்லெட் எங்க இருக்கு?"

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தாம்பரம் கிழக்கில், சேலையூரைத் தாண்டி மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு மாலில், தரைத்தளத்தில், சமீப காலம் வரை ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். மாலுக்குள் முட்டுச்சந்து எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதை உண்டாக்கியதில் என் பங்கு கொஞ்சம் அதிகம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழு வருஷமாகக் கையைத் தூக்கித் தூக்கி டாய்லெட்டுக்கு வழி காட்டியதில் ஒரு நாள் வலது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர், "என்ன வேலை பண்றீங்க?" என்றார். சொன்னேன். கண்ணாடி விற்பவனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நான் விளக்கவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

மால் வருவதற்கு முன் அந்த இடத்தில் டயர் ரீட்ரேடிங் ஷெட் ஒன்றும், அதன் பின்னால் ஒரு மரவாடியும் இருந்தன. அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ரப்பர் கருகும் நாற்றத்தையும் மரத்தூளையும் மாற்றி மாற்றிச் சுவாசிப்பார்கள். அப்போது என் கடை கேம்ப் ரோட்டில், பத்துக்கு எட்டு அளவில், வாடகைக்கு இருந்தது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் உள்ளே வந்து ஃபிரேம் பெட்டிகளை நனைத்துவிட்டு நிதானமாகத் திரும்பிப் போகும். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் மனைவி டீச்சர். அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு நாற்பது வயதானால் வெள்ளெழுத்து வரும். வெள்ளெழுத்து வந்தால் நேராக என்னிடம் வருவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் முதுமையை நம்பி நடந்த வியாபாரம் அது.

டயர் ஷெட்டை இடித்துவிட்டு பில்டர் ஒருவர் பள்ளம் தோண்டினார். பலகையில் முதலில் 'ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்' என்று இருந்தது. தூண்கள் எழும்பியபோது 'சென்டர்' ஆயிற்று. கண்ணாடி பதித்ததும் 'மால்'. கட்டடம் அதேதான், பெயர் மட்டும் மாடி ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு கடையையும் தனித்தனியாக விற்றார்கள். பில்டர் என்னை அழைத்துப் போய் தெற்கு வாசலை ஒட்டிய முதல் கடையைக் காட்டினார். வாசலுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். சிறுசேரி கம்பெனி பஸ்கள் காலையிலும் சாயங்காலமும் அங்கேதான் நின்று ஆட்களை ஏற்றி இறக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் கெட்டவர்கள் கும்பல் கும்பலாக என் கடை முன்னால் இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். மனைவியின் பி.எஃப். கரைந்தது. இருப்பதிலேயே நல்ல கடையை வாங்கினேன்.

முதல் வருஷம் திருவிழாதான். எஸ்கலேட்டரில் ஏறுவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பயந்தவர்களைக் கை பிடித்து ஏற்றிவிட ஒரு செக்யூரிட்டியை நிறுத்தியிருந்தோம். மேலே போய்ச் சேர்ந்ததும் கைதட்டுவார்கள். இறங்குவதற்குப் படிக்கட்டுதான். இரண்டாவது மாடியில் 'விரைவில் தியேட்டர்' என்ற பேனர் தொங்கியது. அது வெயிலில் வெளுத்து, எழுத்துப் போய், கடைசியில் தியேட்டர் வராத துக்கத்தில் தானே கிழிந்து விழுந்தது. பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பிளாக் கட்டினார்கள். மால் வளர்ந்தது. கூட்டந்தான் வளரவில்லை.

திறப்பு விழாக் கூட்டத்தில் பில்டர் மைக்கில், "இந்த மால்தான் தாம்பரத்தோட முகம்" என்றார். நான் பின்வரிசையிலிருந்து, "அப்ப மூக்கு என் கடை சார், கண்ணாடி நிக்கறதுக்கு" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்தவன் தலையில் வேலையைக் கட்டுவது நம் சங்கங்களின் மரபு. ஐந்தே நிமிடத்தில் என்னைக் கடை உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் ஆக்கினார்கள். வடகிழக்கு மூலையில் ஸ்வீட் ஸ்டால் வைத்திருந்தவர் தலைவர். செயலாளர் பதவியிலிருந்து விலக வேண்டுமானால் அடுத்த செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கக் கூட்டம் நடக்க வேண்டும். பதவி தலையில் விழும் என்று தெரிந்த கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அன்றைக்கு மாட்டியவன்தான்.

அப்புறம் வேளச்சேரிப் பக்கம் பெரிய மால் வந்தது. அதில் இறங்குவதற்கும் எஸ்கலேட்டர் இருந்தது. எங்கள் மாலில் ஈ மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தோம். உடனே கடைக்காரர்கள் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். பார்க்கிங், ஏசி, வாசலில் இருக்கும் செடி. கடைசியில் யாரோ ஒருவர் வாஸ்து நிபுணரைக் கூட்டிவந்தார். அவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல மால் முழுக்க நடந்தார். என் கடை முன்னால் வந்து நின்றார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"தெற்கு வாசல். இத வச்சுக்கிட்டு இத்தன நாள் தாங்கினதே பெரிசு. மூடிடுங்க. ஈசான்யத்துல ஒரு வாசல் வைங்க. ஒரு மண்டலம் பாருங்க."

மால் கட்டடத்தின் ஈசான்ய மூலையில், அதாவது வடகிழக்கில், ஜெனரேட்டரும் குப்பைத் தொட்டியும் இருந்தன. அதற்கு வெளியே ஒரு பின் தெரு. டிரான்ஸ்பார்மர் ஒன்று. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என் பக்கத்துக் கடை பாய் வந்தார். டிராவல் பேக், சூட்கேஸ் கடை அவருடையது. தெற்கு வாசலுக்கு இந்தப் பக்கம் நான் என்றால் அந்தப் பக்கம் அவர். அவரும் என்னைப் போலவே வாசலை நம்பி வாங்கியவர். சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து கூப்பிடுவதை விட அதிகமாக, பாய் ஒருவரே என்னை பிரதர் என்று கூப்பிட்டுவிடுவார்.

"பிரதர், என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்கு இதுல நம்பிக்க இல்ல பாய்."

"எனக்கு மட்டும் இருக்கா? ஆனா யோசிங்க. நாப்பது கடைக்காரங்க. அதுல நீங்களும் நானும் மட்டும் மாட்டேன்னு சொன்னா? நாளைக்கு வியாபாரம் ஆகலைன்னா, இவங்க ரெண்டு பேராலதான்னு ஆயிடும். நல்லா இருக்காது பிரதர்."

"ஒரு மண்டலம்தான? நாப்பத்தெட்டு நாள்."

"அதான். கண்ண மூடித் தொறந்தா போயிரும்."

இரண்டு பேரும் பெரிய மனசு பண்ணினோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் தீர்மானத்தை எழுத வேண்டுமே. யார் எழுதுவது? செயலாளர்தான். அரசு ஆவணங்களின் தமிழ் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மோகம். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டைக் கூட மறந்து எழுதினேன். 'மேற்படி தெற்கு வாயில் இன்று முதல் மூடப்படுகிறது' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அதிலேயே வாசல் மூடியாகிவிட்டது. ஆனால் பேனா நிற்கவில்லை. 'இத்தீர்மானம், கடை உரிமையாளர்கள் அனைவரின் ஒருமித்த கையொப்பமின்றி எக்காலத்தும் மாற்றப்படவோ திருத்தப்படவோ கூடாது' என்றும் எழுதினேன். எக்காலத்தும்! கூட்டத்தில் இதை நானே எழுந்து நின்று வாசித்தேன். கடைசி வாக்கியத்துக்குக் கைதட்டு விழுந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். அவள் சிவப்புப் பேனாவோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நம்ம வாசலத்தானே மூடுறாங்க? இதுல எதுக்கு இவ்ளோ இலக்கணம்?" என்றாள்.

ஷட்டரை இறக்கினார்கள். வெளிப்பக்கம் ஷட்டரை மறைத்து ஒரு தகரப் பலகையைக் கம்பியால் கட்டினார்கள். 'நுழைவாயில் பின்புறம்', பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறியை வரைந்ததும் நான்தான்.

நாற்பத்தெட்டு நாள் போயிற்று. திறக்கலாமா என்று கேட்டேன். "இப்பதான் சார் செட்டில் ஆகுது, அவசரப்படாதீங்க" என்றார்கள். தீபாவளி போனது. பொங்கல் போனது. ஏழு வருஷம் போனது. என் பொண்ணு ப்ளஸ் டூ முடித்து, காலேஜ் முடித்து, வேலைக்கு பெங்களூர் போய்விட்டாள். நான் மட்டும் அதே ட்யூப் லைட் அடியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே மழையா வெயிலா என்பது எனக்குத் தெரியாது. டாய்லெட் தேடி வருபவர்களின் தலை நனைந்திருந்தால் மழை. ஷட்டருக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்கும். கண்டக்டர் விசில் கேட்கும். "மேடவாக்கம் போவுமா?" என்று யாரோ கேட்பது கூடக் கேட்கும். பத்தடி தூரம். அவர்கள் என்னைப் பார்க்க வேண்டுமானால் பின் தெருவுக்கு நடந்து, ஜெனரேட்டரைத் தாண்டி, ஸ்வீட் ஸ்டாலில் ஆசை காட்டினால் தப்பித்து, மாலின் முழு நீளத்தையும் கடந்து வர வேண்டும். எந்த மனுஷன் வருவான்? கடையை விற்கலாம் என்றால், முட்டுச்சந்தில் கடை வாங்க என்னைப் போல இன்னொருவன் பிறக்க வேண்டும்.

இதில் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அந்தச் சிறையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஷட்டருக்கு முன்னால் இருந்த நடைபாதையில் பாய் தன் சூட்கேஸ் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார். ரெடிமேட் கடைக்காரர் கை உடைந்த பொம்மைகளை நிறுத்தினார். எனக்குக் கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகை இருபது அடி தூரத்தில் இருக்க வேண்டும். கடையோ பன்னிரண்டு அடிதான். நான் பலகையை ஷட்டரில் மாட்டி, ஆளைக் கடைக்குள் உட்கார வைத்தேன். இருட்டு, நீளம், அமைதி. கண் டெஸ்டுக்கு அதைவிட நல்ல இடம் சென்னையிலேயே கிடைக்காது. டெஸ்டுக்குத்தான் ஆள் இல்லை.

மத்தியானம் அங்கே ஹவுஸ்கீப்பிங் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களில் மூத்தவர் பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா. ஊருக்குள் இருந்த அவர்கள் குடிசைகளை எடுத்துவிட்டு அரசாங்கம் அவர்களை அங்கே அடுக்கு வீடுகளில் குடிவைத்திருந்தது. இரண்டு பஸ் மாறி வருவார். மாலில் என் ஜோக்குகளுக்குச் சிரிக்காத ஒரே ஆள்.

நவம்பர் மாதம் ஒரு நாள் நான் கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

"கஸ்டமரே வரல அக்கா."

"கதவ மூடிக்கினு குந்திக்கினு கீற. எப்டி வருவான்? ஷட்டர்ல ஓட்ட போட்டுக்கினு வருவானா?"

"அது சங்கத் தீர்மானம் அக்கா. வாஸ்து."

"இன்னா வாஸ்து? நெதம் இந்த மால சுத்திக்கினு ஓடி, அந்தாண்ட போயி பஸ்ஸப் புடிக்கறதுக்குள்ள அவன் எட்த்துக்கினு பூட்றான். இதத் தொறந்தா பத்து அடி. எவன் மூடினானோ அவன் காலு நோவட்டும்."

தோள் நோகிறது என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

அதே வாரம் ஒரு பெரிய கண்ணாடிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வேளச்சேரிக் கிளைக்கு மேனேஜர் வேலை. போனேன். என் பொண்ணு வயசுப் பெண் ஒருத்தி இன்டர்வியூ எடுத்தாள். "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்கள எங்க பாக்கறீங்க சார்?" என்றாள். "தூரப் பார்வைக்கு நான் கண்ணாடி மாத்தணும்மா" என்றேன். சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது. எனக்கு எல்லாப் பதவியும் இப்படித்தான் வருகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு டீ ஷர்ட்டும் கொடுத்து அளவு பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து போட்டேன். தொப்பைக்கு மேல் கம்பெனி பெயர் வளைந்து, நிலநடுக்கோடு மாதிரி இருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. டீ ஷர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அரையாண்டு லீவு முடியறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க. ஒண்ணு, கதவத் தொறங்க. இல்ல, கடைய மூடிட்டு இதப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. ரெண்டும் இல்லாம அந்தச் சந்துல ஒக்காந்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து ஜோக் மட்டும் சொல்லாதீங்க. எனக்கு சிரிப்பு வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் என் தீர்மானத்தின் கடைசி வாக்கியத்தை விட நன்றாக இருந்தது. தூங்க முடியவில்லை.

அடுத்த நாள் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். நாற்பது கையெழுத்தும் வேண்டும். ஒருமித்த. எக்காலத்தும். முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். முப்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். இரண்டு பேர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். யாருக்கு என்று தெரியவில்லை. கட்டைவிரலைப் புத்தகத்தில் ஒட்ட முடியாது. எனவே நானும் பாயும் அவர் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

கடையை வாடகைக்கு விட்டுவிட்டு முடிச்சூரிலும் மேடவாக்கத்திலும் செட்டிலாகியிருந்த உரிமையாளர்களை வீடு வீடாகத் தேடினோம். எல்லோரும் காபி கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். தலைவர் கையெழுத்துப் போட்டுட்டார்னா, அடுத்த நிமிஷம் நான் போடுறேன்."

தலைவர் போடுவார் என்று எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஈசான்ய வாசல் அவர் ஸ்வீட் ஸ்டாலின் வாசலிலேயே போய் முடிகிறது. மாலுக்குள் நுழைகிற ஒவ்வொரு மூக்கும் அவர் நெய் வாசனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஏன் விடுவார்? அதனால் அவரை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கிறிஸ்துமஸ் வந்தது. பாய் ஏணி போட்டு ஏறி, வருஷா வருஷம் போல என் கடை முன்னால் ஸ்டாரைக் கட்டிக் கொடுத்தார். முட்டுச்சந்தில் தொங்கிய அந்த நட்சத்திரத்தைப் பார்த்து எந்த ஞானியும் வரவில்லை. டாய்லெட் தேடி வந்தவர்கள் மட்டும் தலை இடித்துக்கொண்டார்கள்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாய் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தலைவர் மைசூர்பாகு துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் பத்து நிமிஷம் சுற்றி வளைத்தேன். மாலின் வரலாறு, தாம்பரத்தின் எதிர்காலம், மக்களின் வசதி. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இப்ப இன்னா சார் வேணும் உங்களுக்கு?"

"தெற்கு ஷட்டரத் தொறக்கணும் தலைவரே."

"தொறங்க."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "இல்ல, வாஸ்து..."

"நான் எங்க சார் அத நம்பினேன்? எங்க வூட்டு வாசலே தெக்கப் பாத்துதான் கீது. நல்லாதான் இருக்கோம்."

"பின்ன அன்னைக்கு ஏன் முதல் கையெழுத்துப் போட்டீங்க?"

"உங்களாலதான்! நீங்க வேதக்காரர். இவரு பாய். உங்க ரெண்டு பேருக்கும் வாஸ்துக்கும் சம்மந்தமே இல்ல. அதுவும் மூடுறது உங்க ரெண்டு பேரோட வாசல். நீங்களே முன்ன வந்து, எழுந்து நின்னு, அப்டி ஒரு தீர்மானத்தப் படிச்சீங்க. எக்காலத்தும்னீங்க. சரி, படிச்சவங்க, இதுல ஏதோ விஷயம் இருக்குன்னு நெனச்சேன். நான் ஒருத்தன் மாட்டேன்னா மரியாதையா இருக்குமா சொல்லுங்க?"

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம். ஏழு வருஷம். ஒருத்தரால் ஒருத்தர் மனசு கோணக் கூடாது என்று நாற்பது பேரும் சேர்ந்து, யாருமே நம்பாத ஒன்றுக்காக ஒரு கதவை மூடிவைத்திருக்கிறோம். தலைவர் நெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். புத்தகத்தில் இன்றைக்கும் அந்தப் பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒரு துண்டு மைசூர்பாகும் கொடுத்தார். அன்றும் மறுநாள் காலையிலும் ஸ்கூட்டர் ஓய்வில்லாமல் சுற்றியது. தலைவரின் பேரைப் பார்த்ததும் ஒருவர் கூட மறுக்கவில்லை.

லீவின் கடைசி நாள் சாயங்காலம் ஷட்டருக்கு முன்னால் கூடினோம். சூட்கேஸ்களையும் பொம்மைகளையும் நகர்த்தினோம். என் எழுத்துப் பலகையைக் கழற்றினேன். பூட்டை அறுத்தோம். பாயும் தலைவரும் செக்யூரிட்டியும் கடப்பாரை போட்டுத் தூக்கினார்கள். ஷட்டர் ஒரு கிழவனைப் போல முனகிக்கொண்டு ஒன்றரை அடி ஏறியது. நின்றுவிட்டது. வெளியே கட்டிய தகரப் பலகை தடுக்கிறது. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போக யாருக்கும் பொறுமை இல்லை; யாராவது ஊர்ந்து போய்க் கம்பியை அவிழ்க்க வேண்டும்.

"அம்புக்குறி போட்டவன் நான். நானே போறேன்" என்றேன்.

தலை போயிற்று. தோள் போயிற்று. ஏழு வருஷத்தில் முதல் முறையாக அந்த ரோட்டின் வெயில் முகத்தில் பட்டது. அதற்குள் இடுப்பு நின்றுவிட்டது. இடுப்பு என்பது மரியாதைக்கு. தொப்பை. பின்னாலிருந்து கடப்பாரை நழுவியது போலிருக்கிறது, ஷட்டர் இரண்டு விரல் இறங்கி முதுகில் உட்கார்ந்தது. வலிக்கவில்லை. நகரவும் முடியவில்லை.

உள்ளே பாயின் குரல். "பிரதர், மூச்ச வெளிய விடுங்க!"

"விட்டுட்டேன் பாய். இதுக்கு மேல விட்டா உசுருதான் இருக்கு."

பஸ் ஸ்டாப் முழுக்க ஆள். தகரப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு வழுக்கைத் தலை வந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். நான், "வணக்கம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கம்பெனி அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் குனிந்தாள். "அங்கிள், என்னாச்சு? உள்ள என்ன இருக்கு?"

"கண்ணாடிக் கடைம்மா."

"இங்கயா? மூணு வருஷமா இங்கதான் பஸ் ஏறுறேன். தெரியவே தெரியாதே!"

அவள் கண்ணாடியின் ஒரு காது ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவுக்குப் பதில் பின்னூசி. முப்பது வருஷத் தொழில் புத்தி எந்த நிலையில் கிடந்தாலும் சும்மா இருக்காது. "அதக் கழட்டிக் குடும்மா" என்றேன். சட்டைப் பையில் எப்போதும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் நாலு ஸ்க்ரூவும் இருக்கும். தரையில் குப்புறப் படுத்தபடி, முழங்கையை ஊன்றி, பின்னூசியை எடுத்துவிட்டு முடுக்கினேன். சுற்றி நின்றவர்கள் யாரோ வீடியோ எடுத்தார்கள். எடுக்கட்டும். தெற்கு வாசலில் ஏழு வருஷத்துக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை.

அவள் மாட்டிப் பார்த்தாள். "செம்மையா நிக்குது அங்கிள்!" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டாள்.

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் என் மனைவியும் ஒருத்தி. கையில் காய்கறிப் பை. என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருக்கிறாள். பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ஏதோ கோணியது.

"பாதிதான் வெளிய வந்திருக்கீங்க" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளே அக்கா என் இரண்டு கால்களையும் கெட்டியாகப் பிடித்தார். "சார்! இஸ்துக்கவா, தள்ளவா? எந்தாண்ட போவணும், கரீட்டா சொல்லு!"

"வெளியதான் அக்கா. தள்ளு!"

தள்ளினார். மாப் பிடித்த கை. சட்டைப் பொத்தான் மூன்று தெறித்தது. ரோட்டுக்கு வந்து விழுந்தேன். எழுந்து நின்று, திறந்த சட்டையோடு கம்பியை அவிழ்த்து, நான் வரைந்த அம்புக்குறியை இறக்கினேன். அதற்குப் பிறகும் ஷட்டர் முழுக்க ஏறவில்லை. மூன்றரை அடியில் நின்றது. ஸ்பிரிங் போயிருக்கிறது, மாற்றப் பத்து நாளாகும் என்றார் ஷட்டர் மெக்கானிக். அக்கா காத்திருக்கவில்லை. டிபன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் நிதானமாக ஏறினார். ஜன்னல் சீட்.

பத்து நாளும் எல்லோரும் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். என் மனைவி முதல் சனிக்கிழமை கடையில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். கேள்வி மாறியிருந்தது. "சார், மேடவாக்கம் பஸ் போயிடுச்சா?" "சார், நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கா?" மத்தியான வெயில் நேராக உள்ளே அடித்தது. கண் டெஸ்ட் பலகை பளபளத்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் சாப்பிட இடம் போயிற்று. என் கடையின் பின் பாதியைத் திரை போட்டு அவர்களுக்குக் கொடுத்தேன். இப்போது ஃபிரேம் பெட்டிகளில் கருவாட்டு வாசனை.

"ஒருத்தன் கூட கண்ணாடி வாங்கலையே" என்றேன்.

"பஸ் கேட்டவங்கள்ல பாதிப் பேரு நேரம் பாக்க செல்போன மூக்குகிட்ட கொண்டு போனாங்க. கவனிச்சீங்களா? வருவாங்க" என்றாள் டீச்சர். பிறகு ஆரஞ்சு டீ ஷர்ட்டைப் பையிலிருந்து எடுத்தாள். கையோடு எடுத்து வந்திருக்கிறாள். அதை வைத்தே ஷோகேஸ் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். "ஜூன்ல ஸ்கூல் தொறக்கற வரைக்கும் பாப்போம்."

ஆக, ஜூன் வரை மாட்டிக்கொண்டேன்.

வாசல் திறந்ததைப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். பேனாவை எடுத்ததும் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே வரி, பிரதர். அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதினீங்க, புத்தகத்தப் பிடுங்கிருவேன்."

எழுதினேன். வரி முடிந்ததும் பேனா தானாக ஒரு கமா போட்டது. பாய் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.